பிளம்ஸ் விதை முதல் ஊட்டி ஸ்வெட்டர் வரை: சயனைடு பிணைப்பில் கைவைக்கும் நொதிகள் என்ன செய்கின்றன?

கோடை சீசனில் நீலகிரிக்குப் போய்வரும் குடும்பத்தின் பையைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொருட்கள்தான் இருக்கும். ஊட்டியில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர், குன்னூர் பக்கம் வாங்கிய பிளம்ஸும் பீச்சும், அரை கிலோ தேயிலைத்தூள், வீட்டு சமையலுக்குக் கொஞ்சம் கேரட், முட்டைகோஸ். கூடவே பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை அட்டையும் ஒரு ஓரத்தில் கிடக்கும்.

இவற்றில் கேரட்டை விட்டுவிடலாம். மற்ற பொருட்களுக்கு இடையே ஒரு வேதியியல் சொந்தம் உண்டு. ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கைகோத்து நிற்கும் ஓர் அமைப்புதான் அது. பெரிய மூலக்கூறு ஒன்றில் இந்த ஜோடி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சேர்மத்துக்கு நைட்ரைல் என்று பெயர். அதே ஜோடி தனியாகக் கழன்று வந்தால் சயனைடு.

"அப்போ இதெல்லாம் விஷமா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஸ்வெட்டரை அணிவதால் சயனைடு வெளியே வராது. முட்டைகோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். நைட்ரைல் இருக்கிறதா என்பது முக்கியமில்லை. அதை யார், எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அந்த வெட்டும் வேலையைச் செய்பவை நொதிகள், அதாவது என்சைம்கள்.

முடிச்சை அறுப்பதும் அவிழ்ப்பதும்

கயிற்றின் நுனியில் இறுகிய முடிச்சு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முடிச்சுக்குக் கொஞ்சம் மேலே கயிற்றை அறுத்தால், முடிச்சு அப்படியே கீழே விழும். ஹைட்ராக்சிநைட்ரைல் லையேஸ் என்ற நொதி செய்வது இதைத்தான். கீழே விழும் முடிச்சுதான் ஹைட்ரஜன் சயனைடு.

இன்னொரு வழி, முடிச்சையே அவிழ்ப்பது. நைட்ரைல் ஹைட்ரேட்டேஸ் என்ற நொதி ஒரே ஒரு நீர் மூலக்கூறை அந்த மும்மைப் பிணைப்புக்குள் செலுத்தி, அதை அமைடு என்ற சாதுவான பொருளாக மாற்றிவிடும். நைட்ரிலேஸ் என்ற மற்றொரு நொதி ஒரேயடியாக இரண்டு நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து, அமிலமாகவும் அம்மோனியாவாகவும் பிரித்துவிடும். இந்த இரண்டு வழிகளிலும் சயனைடு வெளியே வருவதில்லை.

இதே வேலையை நொதி இல்லாமல் வேதியியல் முறையில் செய்யவும் முடியும். ஆனால் அடர் அமிலமோ காரமோ ஊற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா அதைச் சாதாரணத் தண்ணீரில், சூடே இல்லாமல் முடித்துவிடுகிறது. உலகின் பெரிய ரசாயன நிறுவனங்கள் இந்தச் சின்ன உயிரிகளைத் தேடி மண்ணைக் கிளறியதற்குக் காரணம் இதுதான்.

பிளம்ஸ் சாப்பிடலாம், பருப்பைக் கடிக்கக் கூடாது

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஆண்டுதோறும் நடக்கும் பழக் கண்காட்சியைப் பார்த்தவர்களுக்கு மலையின் பிளம்ஸும் பீச்சும் பழக்கமானவை. இரண்டும் பாதாம் இனத்தைச் சேர்ந்தவை. கெட்டியான கொட்டையை உடைத்தால் உள்ளே பாதாம் போலவே ஒரு சின்னப் பருப்பு இருக்கும். கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் அமிக்டாலின் என்ற பொருள்.

அமிக்டாலின் ஒரு நைட்ரைல். பருப்பு முழுதாக இருக்கும்வரை அது ஓர் அறையில், நொதிகள் வேறோர் அறையில். பல்லில் கடித்த நொடியில் இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிடும். முதல் நொதிகள் சர்க்கரையைக் கழற்றும். மிஞ்சும் மாண்டலோநைட்ரைலை லையேஸ் நொதி இரண்டாக உடைக்கும். ஒரு துண்டு பென்சால்டிஹைடு. பாதாம் எசன்ஸில் வரும் அதே மணம். இன்னொரு துண்டு ஹைட்ரஜன் சயனைடு. விதையைத் தின்ன வரும் பூச்சிக்கும் எலிக்கும் செடி வைத்திருக்கும் கண்ணிவெடி இது.

பழத்தின் சதைப்பகுதியில் பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை தவறுதலாகக் கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டாலும், ஓடு உடையாதவரை உள்ளே இருப்பது வெளியே வராது (தொண்டையில் சிக்கினால் அது வேறு ஆபத்து). கொட்டைகளை உடைத்து, பருப்பைப் பாதாம் என்று நினைத்து மென்று தின்பதுதான் பிரச்னை. தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'புற்றுநோய்க்கு மருந்து' என்று பாதாமி பருப்பைச் சாப்பிடச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகளும் இந்த அமிக்டாலினைத்தான் சொல்கின்றன. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சயனைடு ஆபத்து மட்டும் நிஜம்.

மரவள்ளிக்கிழங்கிலும் நடப்பது கிட்டத்தட்ட இதே கதை. நம் பாட்டிமார் அதைத் தோலுரித்து, துண்டாக்கி, நன்றாக வேகவைத்து, தண்ணீரைக் கொட்டச் சொன்னது சும்மா இல்லை.

விநோதம் என்னவென்றால், இந்த லையேஸ் நொதியைத் தலைகீழாகவும் ஓட்டலாம். 1908-லேயே ரோசன்தாலர் என்ற வேதியியலாளர் பாதாம் நொதியைக் கொண்டு பென்சால்டிஹைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் சேர்த்து மாண்டலோநைட்ரைலை உருவாக்கிக் காட்டினார். இன்று ரப்பர் மர இலையில் இருக்கும் இதே வகை நொதியின் உதவியால் பைரித்ராய்டு பூச்சிமருந்துகளுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் முறை இருக்கிறது. செடி பூச்சியை விரட்ட வைத்திருந்த ஆயுதம், சுற்றி வளைத்து மறுபடி பூச்சியை விரட்டவே வந்து சேர்ந்திருக்கிறது.

முட்டைகோஸில் ஒரு வளர்ச்சி மருந்து

ஊட்டி, கேத்தி, கோத்தகிரி சரிவுகளில் விளையும் முட்டைகோஸுக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் முட்டைகோஸிலிருந்து இண்டோல் அசிட்டோநைட்ரைல் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது செடிகளை வளரத் தூண்டியது. எப்படி என்பதுதான் புதிர். ஏனென்றால் செடியை வளரவைக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் ஓர் அமிலம், இதுவோ நைட்ரைல்.

புதிரை விடுவித்தவர்களில் ஒருவர் இந்திய விஞ்ஞானி. அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆக்சின் ஆராய்ச்சியின் முன்னோடியான கென்னத் திமானுடன் சேர்ந்து எஸ்.மகாதேவன், பார்லி இலையில் ஒரு நொதி இருப்பதைக் கண்டார். நைட்ரைலை நேரடியாக அமிலமாக மாற்றும் அந்த நொதியைப் பற்றி 1958-ல் 'நேச்சர்' இதழில் முதல் குறிப்பு வந்தது. 1964-ல் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் நைட்ரிலேஸ். பல செடிக் குடும்பங்களைச் சோதித்தபோது, புல் இனம், முட்டைகோஸ் இனம், வாழை இனம் ஆகிய மூன்றில் மட்டுமே அது தென்பட்டது. மகாதேவன் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இதே துறையில் பணியைத் தொடர்ந்தார். மருந்து கம்பெனிகள் இன்று தேடித் தேடி ஆராயும் ஒரு நொதிக் குடும்பத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. நம்மூர்ப் பாடப்புத்தகங்களில் மட்டும் அதைப் பார்ப்பது அரிது.

அதே 1964-ல் இன்னொரு கண்டுபிடிப்பு. ஆமணக்குச் செடியில் ரிசினின் என்ற நைட்ரைல் இருக்கிறது (பெயர் பெற்ற விஷமான ரிசின் வேறு, இது வேறு). இந்த ரிசினினையே உணவாகத் தின்று வாழும் மண் பாக்டீரியாவிலும் நைட்ரிலேஸ் இருப்பது தெரியவந்தது. செடி தயாரிக்கும் நைட்ரைல் இலையோடு உதிர்ந்து மண்ணில் விழுகிறது. அதைச் செரிக்கத் தெரிந்த கிருமி அங்கேயே உருவாகிவிடுகிறது.

ஊட்டிக் குளிரில் ஓடும் ஃபேக்டரி

நைட்ரைல் நொதிகளின் மிகப்பெரிய வெற்றி ஜப்பானில் நடந்தது. அக்ரிலோநைட்ரைல் என்ற நச்சுத் திரவத்தை அக்ரிலமைடாக மாற்ற வேண்டும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் பாலிஅக்ரிலமைடு, காகித ஆலை, எண்ணெய்க் கிணறு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள்.

பழைய முறையில் தாமிரத்தை வினையூக்கியாக வைத்து, 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் அக்ரிலோநைட்ரைலையும், கரைந்த தாமிரத்தையும் தனியாகப் பிரிக்க வேண்டும். செலவும் ஜாஸ்தி, கழிவும் ஜாஸ்தி.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிடேயாகி யமடா தலைமையிலான குழு, இதற்கு நைட்ரைல் ஹைட்ரேட்டேஸ் நொதி கொண்ட மண் பாக்டீரியாக்களைத் தேடியது. 1985-ல் நிட்டோ கெமிக்கல் நிறுவனம் ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு அக்ரிலமைடு உற்பத்தியைத் தொடங்கியது. 1991-ல் 'ஜே1' என்ற இன்னும் வீரியமான ரகம் வந்தது. அது வளரும் கரைசலில் கோபால்ட் உப்பும் யூரியாவும் சேர்த்தால், செல்லுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறத்தாழ பாதி இந்த நொதியாகவே ஆகிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது வெப்பநிலை. இந்த வினை சுமார் 10 டிகிரியில், அதாவது ஊட்டியில் மாலை மயங்கியதும் ஸ்வெட்டரை இழுத்துப் போட்டுக்கொள்ளும் அந்தக் குளிரில் நடக்கிறது. சூடு ஏறினால் அக்ரிலோநைட்ரைல் நொதியைக் கெடுத்துவிடும். தயாராகும் அக்ரிலமைடும் கண்டபடி ஒட்டிக்கொண்டு கட்டியாகும். அதனால் கொதிகலனுக்குப் பதில் குளிரூட்டி. மாத்திரை, மருந்து போன்ற விலை உயர்ந்த பொருட்களுக்கு மட்டும்தான் நொதி சரிப்படும் என்ற எண்ணத்தை, டன் கணக்கில் விற்கும் ஒரு மலிவான ரசாயனம் உடைத்துக் காட்டியது.

முதலில் பயன்படுத்திய ரகத்தின் நொதியில் கோபால்ட்டுக்குப் பதில் இரும்பு இருந்தது. அதற்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. இருட்டில் நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறு ஒன்று அந்த இரும்பில் ஒட்டிக்கொண்டு நொதியைத் தூங்க வைத்துவிடும். வெளிச்சம் பட்டதும் அது விலக, நொதி விழித்து வேலையைத் தொடங்கும்.

அக்ரிலமைடு நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதைக் கையாளும் தொழிலாளர்களுக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. ஊட்டி உருளைக்கிழங்கைக் கருகக் கருக வறுத்தாலும் இதே பொருள் மிகச்சிறிய அளவில் உருவாகும். அதற்கு நைட்ரைலோடு சம்பந்தமில்லை. கிழங்கில் உள்ள அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு சேர்வதால் வருவது. பொன்னிறத்தில் எடுத்துவிட்டால் குறையும்.

சர்க்கரை மாத்திரையிலும் இருக்கிறது

இந்தியாவில் ஏராளமான சர்க்கரை நோயாளிகள் எடுத்துக்கொள்ளும் வில்டாகிளிப்டின் ஒரு நைட்ரைல். உடலில் டிபிபி-4 என்ற நொதியைப் பிடித்து நிறுத்துவதே மருந்தின் வேலை. அதைப் பிடிக்கும் கொக்கியே அந்தக் கார்பன்–நைட்ரஜன் ஜோடிதான். வேலை முடிந்தபின் மருந்தின் பெரும்பகுதி, நைட்ரைல் முனை நீரால் பிளக்கப்பட்டு அமிலமாக மாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. இங்கே முடிச்சு அவிழ்கிறது, அறுபடுவதில்லை. அதனால் இந்த வழியில் சயனைடு வருவதில்லை. மாத்திரையில் 'சயனோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

மருந்து தயாரிப்பிலும் இந்த நொதிகளுக்கு மவுசு அதிகம். காரணம் இடக்கை–வலக்கை விவகாரம். பல மூலக்கூறுகள் கையுறை போல இரண்டு வடிவங்களில் இருக்கும். உடலுக்குத் தேவை பெரும்பாலும் ஒன்றுதான். சாதாரண வினையில் இரண்டும் பாதிப் பாதி கிடைக்கும். நைட்ரிலேஸ் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கும். மாண்டலிக் அமிலம் அப்படிக் கிடைப்பதுதான். மீந்துபோகும் 'தவறான கை' மாண்டலோநைட்ரைல் தானாகவே உடைந்து சேர்ந்து மறுபடி இரண்டு வடிவங்களாகிவிடுவதால், பாதி வீணாகும் என்ற பேச்சே இல்லை. முழுவதையும் ஒரே வடிவமாக மாற்றிவிட முடியும். வைட்டமின் பி3 வகையான நிகோடினமைடும் சயனோபிரிடினிலிருந்து ரோடோகாக்கஸ் உதவியுடன் தயாராகிறது. சீனாவின் குவாங்சோவில் லோன்சா நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்தது.

இந்தியாவில் இந்தத் துறையில் தொடர்ந்து உழைத்தது இன்னொரு மலை ஊர். சிம்லாவில் உள்ள இமாச்சலப் பிரதேச பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை, ரோடோகாக்கஸ் ரகங்களை வைத்து அக்ரிலமைடு, நிகோடினமைடு தயாரிப்பு முறைகளை ஆராய்ந்திருக்கிறது. மொஹாலியில் உள்ள தேசிய மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும் மாண்டலிக் அமில நைட்ரிலேஸில் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது.

பழைய ஸ்வெட்டரை எரிக்காதீர்கள்

ஊட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கம்பளி போன்ற ஸ்வெட்டர்களில் பல, கம்பளியே இல்லை. லேபிளில் 'அக்ரிலிக்' என்று இருந்தால் அது பாலிஅக்ரிலோநைட்ரைல். ஆயிரக்கணக்கான நைட்ரைல் முனைகள் வரிசையாகக் கோத்த நூல். உடுத்துவதற்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் எரித்தால் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். குளிர்காயக் கிடைத்ததையெல்லாம் போட்டு மூட்டும் நெருப்பில், அதுவும் கதவு ஜன்னல் சாத்திய அறையில், பழைய ஸ்வெட்டரைப் போடுவது பிளம்ஸ் பருப்பைவிட ஆபத்தானது.

அக்ரிலிக் துணி வியர்வையை உறிஞ்சாது, சாயமும் எளிதில் ஏறாது. நைட்ரைல் ஹைட்ரேட்டேஸ் அல்லது நைட்ரிலேஸில் நூலை ஊறவைத்தால் மேற்பரப்பில் இருக்கும் முனைகள் மட்டும் அமைடாகவோ அமிலமாகவோ மாறி, தண்ணீரை ஏற்கத் தொடங்குகின்றன என்று ஐரோப்பிய ஆய்வகங்கள் காட்டியுள்ளன. நூலின் உள்பகுதி அப்படியே இருப்பதால் வலு குறையாது. ஆனால் நொதியின் விலையும், திடமான நூலில் அது மெதுவாக வேலை செய்வதும் பெரிய தடை.

தேயிலைத் தோட்டத்து மண்ணில் என்ன நடக்கிறது?

நீலகிரிக்கு உண்மையிலேயே பணம் சார்ந்த கேள்வி இங்கேதான் இருக்கிறது.

தேயிலைச் செடிக்கும் நைட்ரைல் தெரியும். பூச்சி கடித்தால் அதன் இலை பென்சைல் நைட்ரைல் என்ற மணப்பொருளைக் காற்றில் விடும். இது செடியின் சொந்தத் தற்காப்பு. ஆனால் தேயிலைக் கொசு கூட்டமாக வந்து கொழுந்தைக் கருக்கும்போது அது போதாது. விவசாயி மருந்தடிக்கிறார். தேயிலையில் இதற்குப் பயன்படுத்தப்பட்ட மருந்துகளில் ஒன்று தயாகுளோபிரிட். அதன் மூலக்கூறின் ஒரு முனையிலும் அதே கார்பன்–நைட்ரஜன் மும்மைப் பிணைப்பு இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2020-ல் இந்த மருந்துக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஒரு நாடு மருந்துக்குக் கதவைச் சாத்தினால், அங்கு இறங்கும் தேயிலையில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற வரம்பும் இறுகும். கோத்தகிரியில் ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் பச்சைத் தேயிலை விலை வரை அதன் அழுத்தம் வந்து சேரும்.

தெளித்த மருந்தில் இலையில் ஒட்டாதது மண்ணுக்குப் போகிறது. மண்ணில் அதைச் சந்திப்பது பாக்டீரியா. தயாகுளோபிரிட்டை நைட்ரைல் ஹைட்ரேட்டேஸ் நொதியால் அமைடாக மாற்றும் மண் பாக்டீரியாக்களைச் சீன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து, அந்த நொதியின் மரபணு வரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். பூச்சியைக் கொல்லும் சக்தி அந்த அமைடில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

சரி, அப்போ பாக்டீரியாவை வாங்கித் தெளித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. அமைடாக மாறுவது முதல் படிதான். மூலக்கூறின் மிச்சப் பகுதி, அதில் இருக்கும் குளோரின் உட்பட, அப்படியே நிற்கும். தாய் மருந்தைவிட எளிதாகத் தண்ணீரில் நகரும் பொருளாகவும் அது ஆகலாம். நீலகிரியின் செங்குத்துச் சரிவில் பெய்யும் மழை பவானிக்கும் மோயாறுக்கும் போகிற தண்ணீர் என்பதால் 'மருந்து மறைந்துவிட்டது' என்ற பரிசோதனை முடிவு மட்டும் போதாது. என்னவாக மாறியது என்றும் பார்க்க வேண்டும். ஆய்வகக் குடுவையில் இதமான சூட்டில் வளரும் கிருமி, தலைக்குந்தாவில் உறைபனி விழும் ஜனவரி மண்ணில் அதே வேகத்தில் வேலை செய்யாது. அதோடு, இலையில் ஏற்கெனவே ஊடுருவிய மருந்தை மண்ணில் இருக்கும் பாக்டீரியா தொடவே முடியாது.

அதனால் கொழுந்தில் எச்சத்தைக் குறைக்கும் வழி இப்போதைக்குப் பழையதுதான். தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித் தொகுப்பில் உள்ள மருந்தை மட்டும், சொன்ன அளவில் அடிப்பது. அடித்தபின் குறிப்பிட்ட நாட்கள் கழித்தே பறிப்பது. குன்னூரில் தலைமையகம் கொண்ட உபாசி அமைப்பின் வேளாண் அறிவியல் மையத்திலும் இதற்கான ஆலோசனை கிடைக்கும். மருந்துக் கடையில் கொடுக்கும் பாட்டிலை வாங்கும் முன், அதன் பெயர் நடப்பு ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது; பட்டியல் அவ்வப்போது மாறுகிறது.